முக்கோணத்துக்கு வால்யூம் கிடையாது

ஐம்பதை நெருங்கும் ஆண்மகனுக்கு ஊர் உலகம் சில பொழுதுபோக்குகளை அனுமதித்திருக்கிறது. காலையில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கலாம். மொட்டை மாடியில் தொட்டி வைத்து, கத்தரி காய்க்கவில்லையே என்று வருத்தப்படலாம். திருப்புகழ் வகுப்பில் சேரலாம். பங்குச் சந்தையில் கையைச் சுட்டுக்கொண்டு, அந்த அனுபவத்தைப் பிறருக்கு முதலீட்டு ஆலோசனையாக வழங்கலாம். ஆனால், 1983-ல் ஜப்பானில் குழந்தைகளுக்காகச் செய்த ஒரு விளையாட்டுப் பெட்டியின் ஒலிச் சில்லுக்கு, பெட்டியும் இல்லாமல் விளையாட்டும் இல்லாமல் இன்றைக்குப் புதிதாகப் பாட்டுக் கட்டுகிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் திரும்பிப் பார்ப்பது என் மனைவியின் முகத்தைத்தான்.

அவள் அதற்கென்று ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறாள். "வேற எந்தக் கெட்ட பழக்கமும் இல்லைங்க."

எல்லோரும் கேட்பது "எதுக்கு?" என்றுதான். கேட்கிற தொனி மட்டும் மாறும். மென்பொருள் துறையில் இருக்கும் மச்சினன், "இதுல காசு எப்படி மாமா வரும்?" என்பான். வராது என்றதும் என் உடல்நிலையை விசாரிப்பான். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார், "மைண்டுக்கு ரொம்ப நல்லது சார்" என்று பெருந்தன்மையாகச் சொல்வார். சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவார். மகள்தான் கொஞ்சம் யோசித்துக் கேட்டாள். "ஏம்ப்பா, இப்பல்லாம் ஒரு பட்டனை அமுக்கினா முழு ஆர்கெஸ்ட்ராவே வருது. நீங்க ஏன் இந்த பீப் பீப்பை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறீங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் சரக்கைக் காட்டிவிட வேண்டும்.

நின்டெண்டோவின் ஃபாமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்குள் இருந்த ரிக்கோ 2ஏ03 சில்லுதான் கணக்கும் போடும், பாட்டும் பாடும். பாடுவதற்கு ஐந்து பேர். முதல் இருவர் சதுர அலைக்காரர்கள். மெட்டைப் பாடுவது இவர்கள் வேலை. மூன்றாமவர் முக்கோண அலை. அடித்தொண்டைக்காரர், பேஸ் அவருடையது. நான்காமவருக்கு ஸ்வரமே தெரியாது. 'உஸ்ஸ்' என்று இரைவார். தாளம், வெடிச்சத்தம் எல்லாம் அவர் தலையில். ஐந்தாமவர் எங்கேயோ பதிவு செய்த ஒலித்துணுக்கைக் கரகரத்த குரலில் திருப்பிச் சொல்வார். கேசட்டில் நிறைய இடத்தை அடைத்துக்கொள்வார் என்பதால் பல விளையாட்டுகளில் அவரைக் கூப்பிடவே இல்லை. சும்மா நின்றுகொண்டிருப்பார்.

ஒருவர் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் பாட முடியும். சதுர அலைக்காரர்களுக்குச் சத்தத்தில் 16 படிகள் உண்டு, மௌனத்தையும் சேர்த்து. முக்கோணத்துக்கு அதுவும் இல்லை. பாடு என்றால் முழுத்தொண்டையில் பாடும், நிறுத்து என்றால் நிறுத்தும். வால்யூம் என்கிற ஏற்பாட்டையே அதற்குச் செய்யவில்லை.

இந்தப் படையை வைத்துக்கொண்டுதான் கோஜி கொண்டோ 1985-ல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு இசையமைத்தார். படம், பாட்டு, காளான், ஆமை, இளவரசி எல்லாம் சேர்த்து அந்த விளையாட்டு மொத்தம் 40 கிலோபைட். எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா அனுப்பும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அதைவிடக் கனம்.

நான்கைந்து நடிகர்கள் மட்டுமே உள்ள நாடகக் குழு ஒன்று முழு மகாபாரதம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அரசர் தன் வசனம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் ஓடி, கிரீடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, தூதுவனாக மூச்சிரைக்க வந்து நிற்க வேண்டும். சேனை வேண்டுமென்றால் இரண்டே பேர் திரையைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். நடுவில் மாரியோ வேறு குதித்துத் தொலைப்பான். அந்தக் குதிக்கும் சத்தத்துக்கும் ஆள் இவர்களில் ஒருவர்தான். தான் பாடிக்கொண்டிருந்ததை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய், 'பொய்ங்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவராகத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார். ஆட்டத்தில் மூழ்கியிருக்கும் பிள்ளைக்கு அவர் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

"எல்லாம் சின்ன வயசு ஞாபகம்தானே சார்?" என்று ஒரு கட்சி உண்டு. வசதியான விளக்கம்தான். நானும் கொஞ்ச காலம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் என் விஷயத்தில் அந்த ஞாபகத்தின் யோக்கியதை சந்தேகத்துக்குரியது.

எங்கள் வீட்டுக்கு 'டிவி கேம்' வந்தது தொண்ணூறுகளில். மாமா பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்தார். பெட்டியில் நின்டெண்டோ என்ற பெயருக்கு இடமே இல்லை. உள்ளே இருந்தது நகல் சில்லு. கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருந்தது. அதில் உண்மையான விளையாட்டுகள் கைவிரல்களுக்குள் அடங்கும். மற்றவையெல்லாம் அதே விளையாட்டுகள், பெயரை மாற்றிக்கொண்டு வந்தவை. எண்ணிப் பார்த்து யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

ஜப்பானில் டிவி திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். நம் ஊர் டிவியில் அது 50. அந்தக் காலத்து விளையாட்டுகள் பாட்டுக்குத் தாளம் வைத்துக்கொண்டது இந்தத் திரைக் கணக்கை நம்பித்தான். விளைவு, ஜப்பானில் அறுபது அடி எடுத்து வைத்த பாட்டு இங்கே ஐம்பது அடிதான் வைத்தது. சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்கும். நடை மட்டும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்துவிடும். இது போதாதென்று, பல நகல் சில்லுகளில் சதுர அலையின் இரண்டு குரல்வகைகள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. அலை கால்பங்கு நேரம் மேலே நின்றால் மூக்கால் பாடுகிற குரல், பாதி நேரம் நின்றால் உருண்டு திரண்ட குரல். நகலில் மூக்கால் பாட வேண்டியவர் உருண்டையாகப் பாடுவார், உருண்டையாகப் பாட வேண்டியவர் மூக்கால் பாடுவார்.

ஆக, நான் கோடை விடுமுறைகளில் உயிரைக் கொடுத்துக் கேட்ட 'கான்ட்ரா', மூக்கடைப்போடு மெதுவாக நடந்து வந்த கான்ட்ரா. பல வருஷம் கழித்துக் கணினியில் அசலைக் கேட்டபோது, எவனோ அவசரக்காரன் போலி செய்திருக்கிறான் என்று எனக்குக் கோபமே வந்தது.

நான் தனி ஆள் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ரஷ்யாவில் 1992-லிருந்து 'டெண்டி' என்ற பெயரில் இதே மாதிரி நகல் பெட்டிதான் விற்றது. ஒரு தலைமுறையே அதில்தான் விளையாடியது. அதனால் பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் சில மென்பொருள்களில் அந்த இரண்டு குரல்களையும் வேண்டுமென்றே மாற்றிப் போட ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். தப்பாகக் கேட்டுப் பழகியவர்கள் தப்பாகவே கேட்டு நிம்மதி அடையட்டும் என்கிற நல்ல மனசு.

ஞாபகக் கட்சிக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இன்றைக்கு இந்தச் சில்லுக்குப் பிரமாதமாகப் பாட்டுக் கட்டுகிறவர்களில் பலர் 2000-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுக்கு எங்கிருந்து சின்ன வயசு ஞாபகம்? அவர்களுக்கு இப்போதுதான் சின்ன வயசே.

நம் ஊருக்கும் இந்த வியாதி புதிதில்லை. நோக்கியா 3310 காலத்தில் கல்லூரி விடுதிகளில் இது தொற்றுநோயாகப் பரவியிருந்தது. அந்தப் போனில் 'கம்போஸர்' என்று ஒன்று இருந்தது. ஒன்றிலிருந்து ஏழு வரை உள்ள எண்கள் ஏழு ஸ்வரங்கள். எட்டை அமுக்கினால் ஸ்வரம் குறுகும், ஒன்பது நீட்டும், பூஜ்யம் மௌனம், நட்சத்திரம் ஸ்தாயியை மாற்றும். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, பார்ப்பவருக்கு யாருக்கோ நீளமான குறுஞ்செய்தி அனுப்புவதாகத் தோன்றும்படி, சினிமாப் பாட்டின் பல்லவியை எண் எண்ணாகத் தட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள்தான் தமிழ்நாட்டின் முதல் சில்லு இசையமைப்பாளர்கள். இரண்டு குரல்கூட இல்லை, ஒரே குரல். அதிலும் வயலின் இடையிசையைக் கொண்டுவரப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இன்று வங்கி மேலாளர்களாக இருக்கிறார்கள். அந்த வெறி வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

எனக்குப் போகவில்லை. டிராக்கர் என்ற மென்பொருளில் வந்து நின்றது. கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் 1987-ல் அமிகா கணினிக்காகச் செய்த 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்'தான் இந்த வகையறாவுக்குப் பாட்டன். இதில் ஸ்வரங்களை இடமிருந்து வலமாக எழுதுவது கிடையாது. கறுப்புத் திரையில் பத்தி பத்தியாக எழுத்தும் எண்ணும் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு பத்தி ஒரு குரல். சத்தம் எவ்வளவு, எங்கே நடுங்க வேண்டும், எங்கே வழுக்க வேண்டும் என்பதெல்லாம் எண்கள். என் மனைவி வெகுநாள் வரை நான் ராத்திரி கண்விழித்து யாருக்கோ ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக்கொடுத்துச் சம்பாதிக்கிறேன் என்று நினைத்து, காபியெல்லாம் போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு நாள் ஹெட்போன் கழன்று விழுந்து, கணக்கு பாட ஆரம்பித்துவிட்டது. அன்றோடு காபி நின்றது.

இதில் வெகுகாலம் உழன்றதில் எனக்குப் புலப்பட்டது இதுதான்: நாங்கள் இதைச் செய்வது இசைக்காக மட்டும் என்றால் ஓர் ஆர்மோனியம் வாங்கிப் போட்டிருப்போம். நள்ளிரவுவரை எங்களை உட்கார்த்தி வைப்பது, ஏமாற்றுகிற சுகம். இல்லாத ஒன்றை இருப்பதாக இன்னொருவர் காதை நம்பவைத்துவிட்டு அகப்படாமல் வெளியே வருவது. சட்டத்துக்கு உட்பட்டு, ஒருவருக்கும் நஷ்டமில்லாமல், லுங்கியோடு வீட்டில் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய மோசடிகள் இந்த நாட்டில் ரொம்பக் குறைவு.

மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும், ஆனால் ஆள் ஒருவர்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அவரை ஒரு வினாடிக்கு 60 தடவை ஸ்வரம் மாற்றி மாற்றிப் பாடவைப்போம்: ஸ, க, ப, ஸ, க, ப. காது என்பது சோம்பேறிச் சாட்சி. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள அதற்குப் பொறுமை கிடையாது. மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள் என்று கையெழுத்துப் போட்டுவிடும். எதிரொலி வேண்டுமா? மெட்டில் மூச்சு விடும் இடைவெளி வரும் இல்லையா, அந்தச் சந்தில் அதே ஆளை, சற்றுமுன் பாடிய ஸ்வரத்தைத் தணிந்த குரலில் முணுமுணுக்கச் சொன்னால் போதும், மண்டபத்தில் கச்சேரி நடக்கிற பிரமை வந்துவிடும். மேளம் வேண்டுமா? பேஸ் வாசிக்கும் முக்கோணத்தை ஒரு கணம் உச்சியிலிருந்து பாதாளத்துக்குத் தள்ளிவிட வேண்டும். 'தும்' என்று விழும். விழுந்த வேகத்தில் எழுந்து மறுபடி பேஸ் வாசிக்கும். அதன் கூடவே இரைச்சல்காரரும் ஒரு 'ட்ஸ்' போட்டால், யாருக்கும் சந்தேகமே வராது.

இந்தத் திருட்டுப் பரம்பரையில் என்னைப் போன்றவர்கள் ஜேப்படி ஆசாமிகள். பெரிய கைகள் இங்கிலாந்தில் இருந்தார்கள். 1982-ல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே கணினியில் ஒலிச் சில்லே கிடையாது. ஒரு சின்ன ஸ்பீக்கர். அதை முன்னால் தள்ளலாம் அல்லது பின்னால் இழுக்கலாம். அவ்வளவுதான் வசதி. அதற்குத் தெரிந்தது ஒன்று, பூஜ்யம் இரண்டே எண்கள். டிம் ஃபாலின் என்ற பதின்ம வயதுப் பையன் அதில் ஒரே சமயத்தில் பல குரல்கள் கேட்கும்படி பாட்டுப் போட்டுவிட்டான். ஸ்பீக்கரை எப்போது தள்ளுவது, எப்போது இழுப்பது என்று கணக்குப் போடுவதிலேயே கணினியின் முழுப் புத்தியும் செலவாகிவிடும், விளையாட்டை ஓட்ட மிச்சம் இருக்காது. அதனால் அந்தப் பாட்டு தலைப்புத் திரையில்தான் வரும். பிள்ளைகள் விளையாட்டைத் தொடங்காமல் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

கமடோர் 64 கதை இதைவிடச் சுவையானது. அதே 1982. பாப் யானெஸ் வடிவமைத்த சிட் சில்லு 6581. மூன்று குரல், எல்லாம் கம்பீரமான குரல். ஆனால் அதில் ஒரு சின்னக் கோளாறு. மொத்த வால்யூமை மாற்றும்போதெல்லாம் 'டொக்' என்று சத்தம் வரும். சாதாரணப் பிரஜை என்றால் புகார் எழுதிப் போட்டிருப்பான். இவர்களோ அந்த டொக்கை வினாடிக்கு ஆயிரக்கணக்கில், அளந்து அளந்து தட்டினால் பதிவு செய்த மேளமும் மனிதக் குரலும்கூட வரும் என்று கண்டுபிடித்தார்கள். மூன்று குரல் சில்லுக்கு நான்காவது குரல்! பிற்பாடு நிறுவனம் 8580 என்ற திருத்திய வடிவத்தைக் கொண்டுவந்தது. கோளாறு நீங்கியது. கூடவே நான்காவது குரலும் காதில் விழாத அளவுக்கு மெலிந்துபோயிற்று. ஒழுங்காக வேலை செய்கிறதே என்று ஜனங்கள் நொந்துபோனார்கள். இன்றைக்கும் அந்தக் கணினியைத் திறந்து, ஒரு மின்தடையத்தைப் பற்றவைத்து, போன கோளாறைச் சொந்தக் காசில் திரும்ப வரவழைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

பரம்பரை என்று சும்மா சொல்லவில்லை. எண்பதுகளில் ஐரோப்பாவில் விளையாட்டுகளின் பூட்டை உடைத்துத் திருட்டு நகல் போட்ட பையன்கள், 'உடைத்தது நாங்களே' என்று விளையாட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் படம் ஓட்டுவார்கள். எழுத்து வளைந்து நெளிந்து போகும், பின்னால் பாட்டு. வட்டில் விளையாட்டு போக மிஞ்சியிருக்கிற துளி இடத்தில் அது அடங்க வேண்டும். 'சிப்டியூன்' என்ற பெயர் பரவியதே இந்தப் பொடிப் பாட்டுகளால்தான். நாளடைவில் உடைப்பதை விட்டுவிட்டுப் படத்தையும் பாட்டையும் மட்டுமே தொழிலாக வைத்துக்கொண்டார்கள். அதற்கு டெமோசீன் என்று பெயர். 2020-ல் பின்லாந்து அதைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பூட்டை உடைத்த பிள்ளைகளின் விசிட்டிங் கார்டு தேசத்தின் சொத்து. ஜெர்மனியும் அடுத்த வருஷம் பின்தொடர்ந்தது.

பழைய சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிய கணினியில் நாற்பது குரலாக அடுக்கி, மேலே கோட்டிங்கும் கொடுத்து 'ரெட்ரோ' என்று வெளியிடுபவர்கள் இருக்கிறார்கள். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டில் கைநனைக்க மட்டும் மாட்டேன். 2014-ல் வந்த 'ஷவல் நைட்' விளையாட்டைப் பாருங்கள். எத்தனை குரல் வேண்டுமானாலும் பாடக்கூடிய இந்தக் காலத்துக் கணினியில் ஓடுகிற விளையாட்டு. ஆனால் ஜேக் காஃப்மன் அதன் பாட்டுகளை ஃபாமிகாம் சில்லோடு, கொனாமி 1989-ல் ஜப்பானில் ஒரு கேசட்டுக்குள் கூடுதலாக வைத்து விற்ற மூன்று குரல்களையும் சேர்த்துக்கொண்டு, அந்த வேலிக்குள்ளேயே நின்று கட்டினார். யாரும் காவலுக்கு நிற்காத வேலி. திருடுவதற்குக் காவல் வேண்டும். இல்லையென்றால் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

என் சொந்த வரலாற்றில் பெரிய கொள்ளை முயற்சி தோடி.

பெரியம்மா வயலின் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சதுர அலையில் சங்கராபரணம் போட்டுக் காட்டினேன். "ஸ்வரமெல்லாம் சுத்தமா இருக்குடா. மனுஷன்தான் இல்ல" என்றார். சங்கராபரணத்தில் தப்பித்துக்கொள்ளலாம், தோடி போடு பார்ப்போம் என்பது அதில் அடங்கியிருந்த சவால். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது என்பது தெரிந்ததே. மேலும் கீழும் அசைந்து அசைந்துதான் அது காந்தாரமாகும். டிராக்கரில் அசைவைத் திரைக்குத் திரை எண்ணாக எழுதலாம். எழுதினேன். ரிஷபத்தைத் தொட்டு எழும்பி மத்திமத்தின் வாசலைப் பார்த்துத் திரும்புகிறது. ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் நடுவில் 'டிக்'.

காரணம் சில்லின் அமைப்பு. அதனிடம் சுருதியைச் சொல்ல எண்ணை இரண்டு துண்டாக எழுத வேண்டும், சின்னத் துண்டு ஒரு பெட்டியில், பெரிய துண்டு இன்னொரு பெட்டியில். பெரிய துண்டைத் தொட்டால் அலை முதலிலிருந்து தொடங்கும், அதுதான் டிக். 440 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே அப்படி ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்திருந்த நாலரைக் கட்டையில் காந்தாரம் சரியாக அந்தக் கோட்டின் மேல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"காந்தாரத்துக்கு விக்கல் எடுக்குதேடா, தண்ணி குடு" என்றார் பெரியம்மா.

எல்லைக்கு மேலே போய்விட்டால் விக்கல் இல்லை. ஆனால் மேலே ஏற ஏற, அந்தச் சில்லுக்குத் தெரிந்த சுருதிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் படி படியாகத்தான் போகும். இறங்கினால் விக்கல், ஏறினால் படிக்கட்டு. தோடிக்கு அந்தச் சில்லில் குடியிருக்க வீடே இல்லை.

இதற்கும் யாரோ கன்னக்கோல் செய்து வைத்திருந்தார்கள். விளையாட்டில் துப்பாக்கிச் சத்தம் 'பியூ' என்று தானாகவே வழுக்குவதற்காகச் சில்லுக்குள் 'ஸ்வீப்' என்றொரு பொறி இருக்கிறது. பெரிய துண்டை நாம் தொடாமல், அந்தப் பொறியை ஒரு கணம் மட்டும் முடுக்கிவிட்டு, அது எல்லையைத் தாண்டியதும் சட்டென்று அணைத்துவிட வேண்டும். நாமாகத் தொடாததால் டிக் வராது. துப்பாக்கிக்காகச் செய்த பொறியில் தோடி எல்லை தாண்டியது. பெரியம்மா கண்ணை மூடிக் கேட்டார். "இப்ப விக்கல் நின்னுடுச்சு" என்றார். "தோடியும் நின்னுடுச்சு."

அதற்கு மேல் அந்தச் சில்லிடம் எதிர்பார்ப்பது பாவம் என்று விட்டுவிட்டேன். கேம் பாய் பக்கம் போனால் என்ன என்றும் யோசித்தேன். 1989-ல் வந்த அந்தக் கையடக்கப் பெட்டிக்கு, ஜெர்மனியில் ஆலிவர் விட்சோ 1998-ல் 'நானோலூப்' என்றும், ஸ்வீடனில் யோஹான் கோட்லின்ஸ்கி 2000-ல் 'லிட்டில் சவுண்ட் டிஜே' என்றும் இசை எழுதும் கேசட்டுகள் செய்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேடையேறிக் கச்சேரியே செய்கிறார்கள். மேடை என்றதும் வீட்டில் ஒரு பார்வை பார்த்தார்கள். யோசனையைக் கைவிட்டேன்.

இவ்வளவு பாடுபட்டு யார் கேட்கிறார்கள் என்றால், ரொம்பப் பேர் இல்லை. திருட்டில் உள்ள பெரிய துக்கமே, அது நன்றாக நடந்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான். மச்சினன் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு "டிரம்ஸ் நல்லாருக்கு மாமா" என்றான். அதில் டிரம்ஸே இல்லையடா, அது முக்கோணம் தடுக்கி விழுகிற சத்தம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அடுத்த அரை மணி நேரம் நான் பேச வேண்டிவரும், அவன் பேருந்துக்குப் போக வேண்டும். அதனால்தான் எங்களுக்கு இன்னொரு திருடன் தேவைப்படுகிறான். நூறு பேர் கைதட்டுவதைவிட, "மூணாவது வரியில எதிரொலியை எந்தச் சந்துல ஒளிச்சு வச்சீங்க?" என்று கேட்கிற ஒருவர் கிடைத்தால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

எனக்கு அப்படி ஒருவர் பின்லாந்தில் கிடைத்தார். முகம் பார்த்ததில்லை. குளிர்காலம் வந்தால் அங்கே மதியமே இருட்டிவிடுமாம். எழுதுகிற கடிதங்களில் வேறு சொந்தச் செய்தி எதுவும் கிடையாது. என் பாட்டு ஒன்றின் டிராக்கர் கோப்பைக் கேட்டு வாங்கினார். சில நாளில் அதைக் கொஞ்சம் திருத்தித் திருப்பி அனுப்பினார். ஆனால் பத்திகளைத் திறந்து பார்க்கக்கூடிய கோப்பாக அனுப்பவில்லை. வாசித்துக் கேட்க மட்டும் முடிகிற மூடிய கோப்பாக அனுப்பியிருந்தார். கூட ஒரே வரி: கண்டுபிடி.

கேட்டேன். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் பேஸ் மெல்லத் தணிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேஸ் என்பது முக்கோணம். முக்கோணத்துக்கு ஏது வால்யூம்? தணிவதற்கு அதற்கு வழியே கிடையாதே!

ஒவ்வொரு குரலாக வாயடைத்துக் கேட்டுப் பார்த்தேன். முதல் சதுரத்தை நிறுத்தினேன், மாற்றமில்லை. இரண்டாவதை, இரைச்சல்காரரை. ஊஹும். கடைசியில் சும்மா நிற்கும் அந்த ஐந்தாமவர்தான் மிச்சம். அவர் பாட்டு முழுக்க ஒரு துணுக்குகூடச் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவரையும் நிறுத்தினேன். பேஸ் 'பம்' என்று முழுத்தொண்டைக்கு எழும்பியது.

விஷயம் இதுதான். சில்லுக்குள் முக்கோணம், இரைச்சல், ஐந்தாமவர் மூவரின் சத்தமும் ஒரே வழியாகக் கலந்து வெளியே வருகிறது. அந்த வழி நேர்க்கணக்கில் கூட்டாது. ஐந்தாமவரின் மட்டத்தை உச்சத்துக்கு ஏற்றி அப்படியே நிறுத்தி வைத்துவிட்டால், அதாவது அவர் ஒன்றும் பாடாமல் வாயை மட்டும் ஆவென்று திறந்துகொண்டு நின்றால் போதும். முக்கோணத்தின் குரல் நெரிசலில் அமுங்கும். பின்லாந்துக்காரர் அந்த வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கிறார்.

ராத்திரி ஒரு மணிக்கு "அயோக்கியன்!" என்று நான் கத்தியதில் தாசில்தார் வீட்டு விளக்கு எரிந்தது.

பதிலுக்கு நானும் மூடிய கோப்பு ஒன்றை அனுப்பியிருக்கிறேன். அதில் இரண்டு சதுரங்களும் ஒரே ஸ்வரத்தைப் பாடும் ஓர் இடத்தில் மூன்றாவதாக ஒரு குரல் கேட்கும். அது எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குத் தமிழ் தெரிந்தவர் யாராவது நண்பராக இருந்து தொலைக்கலாம். அனுப்பி வெகுநாளாகிறது, இதுவரை பதில் இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் அஞ்சலைத் திறந்து, வரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் பல் தேய்க்கப் போகிறேன்.

"ஏங்க," என்றாள் மனைவி, "ஒருத்தர் பதில் போடலைன்னா மனுஷங்க வருத்தப்படுவாங்க. நீங்க எதுக்கு இளிச்சிக்கிட்டு வர்றீங்க?"